‘குரல்’ என்று ஒரே ஒரு வரி

“ஏளா, நீ ஒரு நாளாவது எதையாவது கடைசி வரைக்கும் படிச்சிருக்கியா? மருந்துச் சீட்டா இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையா இருந்தாலும் சரி, மேல ரெண்டு வரி பார்ப்பே, மீதியை நீயே எழுதிக்கிடுவே.” இதைச் சொல்லிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் போனார். அதையும் வீட்டுக்குள் வைத்துச் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் முன்னால் லேப்டாப் பையைச் சொருகிக்கொண்டு, எதிர்வீட்டு டீச்சர் செடிக்குத் தண்ணீர் விடுகிற நேரமாகப் பார்த்து, தெருவுக்கே வாசித்துக் காட்டுகிற மாதிரி சொன்னார். நானும் விடவில்லை. “கடைசி வரைக்கும் படிச்சவுக எல்லாம் கலெக்டர் ஆயிட்டாகளாக்கும். எல்லாம் எடுத்து வச்சாச்சு. கொண்டுபோயி சுத்தமா அழிக்கச் சொல்லுங்க, உங்க விண்டோஸைப் போட்டுக்கிட்டு மனு மனுவா எழுதிக் குவிங்க” என்றேன். சுத்தமாக அழிக்கச் சொல்லுங்கள். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. வரும்போது அதற்கு ஒரு கனமும் இல்லை, வாழைப்பழத் தோலை வீசுகிற மாதிரி வீசினேன், ஸ்கூட்டர் முனை திரும்பியது, டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயை மூடினாள், நான் உள்ளே வந்து கஞ்சியை அடுப்பில் வைத்தேன். இப்போது அந்தக் கஞ்சியை என் தங்கை வனஜாவுக்காக வடிகட்டிக்கொண்டு நிற்கிறேன், கரண்டியின் முதுகால் அழுத்த அழுத்த வடிகட்டியின் அடியில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, அவர் சொன்னதும் அப்படித்தான் இறங்குகிறது, கடைசி வரைக்கும், கடைசி வரைக்கும், உமி மாட்டிக்கொண்ட மாதிரி தொண்டையில், சீ, தொண்டை என்று இந்த வீட்டில் நினைக்கக்கூடக் கூடாது. உள் அறையில் அவள் இருமுகிறாள். வாயால் இல்லை, கழுத்துத் துளையால். அந்தச் சத்தத்துக்கு இன்னும் நான் பழகவில்லை. சைக்கிள் பம்பில் காற்று அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. முன்பெல்லாம் இருமினால் கூடவே ஒரு வசவு வரும். “இந்தத் தாளிப்பைக் கொஞ்சம் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுத் தாளிச்சா என்னக்கா, தெருவுல போறவனைச் சாகடிக்கணும்னு நேர்ந்திருக்கியா” என்பாள். நாங்கள் இரண்டு பேரும் கான்வென்டில் படித்தபோது பேசியதற்காக வாயில் விரல் வைத்து வராந்தாவில் நிற்காத வாரம் கிடையாது. நான் இரண்டு வகுப்பு மேலே, அந்தக் கோடியில் நிற்பேன், அவள் இந்தக் கோடியில். விரலுக்குப் பின்னால் உதடு அசைத்தே பேசிக்கொள்வோம். அவளுக்கு இப்போதும் உதடு அசைகிறது. எனக்குத்தான் அந்த வித்தை மறந்துபோயிற்று, என்னடி, என்னடி என்று கேட்டு அவளைக் கோபப்படுத்துகிறேன், அவள் ஸ்லேட்டை எடுத்து எழுதுகிறாள், “உப்பு” என்று எழுதி மூன்று கோடு போடுகிறாள். போட்டிருக்கிறேன், தாயே, இன்றைக்குப் போட்டிருக்கிறேன்.

எடுத்து வைத்தாயிற்று. அதில் சந்தேகமே வேண்டாம். நானே என் கையால், அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, பிரசன்னா அனுப்பியதைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். பிரசன்னா வனஜாவின் ஒரே பிள்ளை, ஜெர்மனியில் இருக்கிறான், லீவுக்கு வந்தவன் தன் பழைய லேப்டாப்பை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் விண்டோஸ் கிடையாது, வேறென்னவோ, எல்லாவற்றையும் கட்டளை போட்டு வாங்குகிற சாமான். தாலுகா ஆபீசில் காலமெல்லாம் நோட் போட்டு ரிடையர் ஆன இவருக்கு அது பிடிக்கவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு ஒரு மனு அடிக்க முடியவில்லையாம், எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதாம். எனக்குப் பிடித்திருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல்கள் இத்தனை வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தன, அவற்றுக்கு ஒரு வேலை வந்தது. எலியைப் பிடித்து அங்கே இங்கே தேய்க்கிற சோலியே இல்லை. அடித்தால் கேட்கும், அடிக்காவிட்டால் சும்மா இருக்கும், இந்த வீட்டில் அப்படி ஒரு ஜீவன் இருந்ததே இல்லை. “பெரியம்மா, ஒண்ணுமில்ல, ஒரு ஃபைல்ல எதெது வேணுமோ அதை வரிக்கு ஒண்ணா எழுதுங்க. அப்புறம் நான் அனுப்புற கட்டளையை அடிங்க. அது லிஸ்டைப் பார்த்து ஒவ்வொண்ணா எடுத்து வெளி டிஸ்குல வச்சிரும்.” வரிக்கு ஒன்றாக. இதைவிட எளிதாக ஒன்று உண்டா, மாதம் பிறந்தால் அண்ணாச்சி கடைக்கு அதைத்தானே செய்கிறேன். எழுதினேன்: வீட்டுப் பத்திரம். அவருடைய பென்ஷன் உத்தரவு. எங்கள் மகள் கல்யாண வீடியோ. குரல். எழுதி முடித்து, கட்டளையை அடித்து, என்டரைத் தட்டிவிட்டு அடுப்பில் குக்கர் கத்துகிறதென்று ஓடினேன். திரும்பி வந்தபோது கோடு சும்மா மினுங்கிக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை இல்லை. முடிந்தது என்றுகூட இல்லை. “ஒண்ணும் சொல்லலேன்னா சரியா நடந்திருக்குன்னு அர்த்தம், பெரியம்மா, தப்புன்னாத்தான் அது பேசும்” என்று அவன் முன்னமே சொல்லியிருந்தான். அப்போது எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தப்பென்றால் மட்டும் பேசு. இவருக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுத்தால் தேவலை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், இல்லை, இப்போது நினைக்க வேண்டாம், கஞ்சி ஆறுகிறது. குக்கரை இறக்கிவிட்டு வருகிற நேரத்துக்குள் அவ்வளவும் போயிருக்குமா? கல்யாண வீடியோ ஒன்றே பெரிசு. குரல் அதைவிடப் பெரிசு என்று பிரசன்னா சொல்லியிருந்தானே, அதனால்தானே நெட்டில் ஏற்ற முடியாமல் இங்கேயே விட்டுவிட்டுப் போனான், அடுத்த லீவில் நானே வந்து எடுத்துக்கிடுதேன், அதுவரைக்கும் ரெண்டு இடத்துல இருக்கட்டும், ஒரு இடத்துல மட்டும் இருந்தா அது இல்லாத மாதிரிதான் என்று. எனக்கு ஏன் குப்பென்று வேர்க்கிறது? மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வனஜாவின் குரலைப் பதிவு செய்த நாட்கள் மட்டும் மனசில் தனியாக நிற்கின்றன. குரல்வளையை எடுக்கிற ஆபரேஷனுக்கு முந்தின வாரம். பிரசன்னா பின்கட்டு அறை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்தான், மின்விசிறி கூடாதென்றான், பக்கத்து வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றி வாருங்கள் என்று இவரை அனுப்பினான், இவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார். உள்ளே வனஜா, வேர்த்து ஒழுக, மைக்கின் முன்னால், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. அவளுக்கு ஏற்கெனவே குரல் கரகரத்துப் போயிருந்தது, இருந்தாலும் இது போதும் என்றான், இந்தக் குரலையே மிஷின் படித்துக்கொள்ளும், அப்புறம் அம்மா எழுதுவதையெல்லாம் அது அம்மாவாகவே பேசும். அவன் எழுதிக் கொடுத்த வாக்கியங்களைப் பார்த்து அவள் சொன்னாள்: “இன்னைக்கு வானிலை நல்லா இருக்காம்ல. இதை நான் என் ஆயுசுல யார்கிட்டல சொல்லியிருக்கேன்? எழுதுறான் பாரு, டிவி நியூஸ் வாசிக்கவா என்னைக் கூப்பிடுதாக?” அதனால் அவளே சொந்தமாகச் சேர்த்துக்கொண்டாள். பால்காரன் தண்ணியில பால் ஊத்திக் கொண்டாந்திருக்கான். அந்தச் சேலை உனக்கு எடுப்பா இல்லக்கா, கழட்டிப் போடு. உன் சமையலைத் தின்னுதான் எனக்கு இந்த வியாதி வந்திருக்கு. பிரசன்னா தலையில் கையை வைத்துக்கொண்டு, அம்மா, சிரிக்காம சொல்லும்மா, சிரிப்பு கலந்தா மிஷினுக்குப் புரியாது என்றான். நான் மூலையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். கடைசி நாள் அவன் வெளியே போனதும் அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, “எக்கா” என்று மட்டும் சொன்னாள். வேறு மாதிரி ஒரு தடவை, “எக்கா”. கோபமாக ஒன்று. கடையில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒன்று. தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒன்று. “எல்லாத்துக்கும் தனித்தனியா வேணும்லா” என்றாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். இது நடந்ததற்குச் சாட்சி நானும் அவளும் அந்த லேப்டாப் பெட்டியும்தான். அந்தப் பெட்டியைத்தான் நான் இன்று காலையில், கொண்டுபோங்க என்று.

சரி, பார்த்துவிட்டால் தீர்ந்தது. பார்த்துவிட்டு அவர் வந்ததும் மூஞ்சிக்கு நேரே டிவியைப் போட்டுக் காட்டலாம், கடைசி வரைக்கும் படிக்காதவள் எடுத்து வைத்ததைக் கேளுங்கள் என்று. வெளி டிஸ்கு சாமி அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால். எடுத்து டிவியின் பின்னால் சொருகினேன், கை தடவி ஓட்டை அகப்படவில்லை, தலைகீழாகப் பிடித்து, மறுபடியும் திருப்பி, ஒட்டடை விரலில் ஒட்டி, எப்போதும் முதல் தடவை சரியாகப் போகாத சாமான் இது. திரையில் நீலமாக வந்தது. கல்யாண வீடியோ. குரல். இருக்கிறது! பார்த்தீர்களா, இருக்கிறது, பேர் இருக்கிறது, மஞ்சள் உறை மாதிரி ஒரு படம் போட்டு, கீழே ‘குரல்’ என்று நான் அடித்த எழுத்திலேயே. நெஞ்சுப் பாரம் இறங்கியது. ரிமோட்டை அழுத்தினேன், உறை திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ‘கோப்புகள் இல்லை’ என்று டிவி சொன்னது. வெளியே வந்து மறுபடியும் உள்ளே போனேன். இல்லை. இது டிவிக்குத் தெரியாத ரகமாக இருக்கும். டிவிக்கு என்ன தெரியும், சீரியல் தெரியும், அவன் பெரிய மைக்கில் பிடித்ததெல்லாம் அதற்குப் புரியாது, அப்படித்தான் இருக்கும், வீட்டுப் பத்திரத்தையும்தான் அது காட்டவில்லை. ஆனால் பத்திரம் படிக்கிற காகிதம், இது கேட்கிற சத்தம். சத்தம் டிவிக்குத் தெரியும். கல்யாண வீடியோவை அழுத்திப் பார்த்தேன், டிஸ்கே கெட்டிருந்தால் அதுவும் வராதே என்று, வராமல் இருந்தால் தேவலை என்றுகூட ஒரு நினைப்பு, டிஸ்கின் மேல் பழியைப் போட்டுவிடலாமே. படீரென்று நாதஸ்வரம் கிளம்பியது, வீடே அதிர்கிற மாதிரி. தாலி கட்டுகிற நேரம். கூட்டம் மேடையில் நெருக்குகிறது. நாதஸ்வரத்தையும் மேளத்தையும் கிழித்துக்கொண்டு, “தள்ளுங்கய்யா, பொண்ணைப் பெத்தவளுக்கே தெரியல, போட்டோக்காரரே, உம்ம முதுகைப் பார்க்கவா நாங்க பட்டுச்சேலை கட்டி வந்தோம்!” அவள். முகம் இல்லை, குரல் மட்டும். தெளிவான குரல், கரகரப்பு வருவதற்கு முந்தின குரல். நான் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துகிற பொத்தானைத் தேடினேன், விரல் எதை எதையோ அமுக்கியது, ஒருவழியாக எல்லாரும் சத்தமில்லாமல் அட்சதை போட்டார்கள். உள் அறையில் கட்டில் ஒருதரம் கிரீச்சிட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. கேட்டிருப்பாள். கேட்காமல் எப்படி இருப்பாள். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து இந்த ஒரு கத்தலைப் பிரித்தெடுத்து மிஷினுக்குக் கொடுத்தால் அது என்ன பேசும், எல்லாவற்றுக்கும் தள்ளுங்கய்யா என்றுதான் பேசும்.

பிரசன்னா அனுப்பிய செய்தியைத் தேடினேன். கண்ணாடி எங்கே, கண்ணாடி நெற்றியில். குட்மார்னிங் ரோஜாப்பூக்களை எல்லாம் தள்ளித் தள்ளி மேலே போனேன். அவளுடைய பழைய வாய்ஸ் மெசேஜ்கள் எத்தனை இருந்தன இதில், போன் நிறைந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் பூவோடு சேர்த்து அவற்றையும் துடைத்துப் போட்டேன், அப்போது யாருக்குத் தெரியும், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று வந்துகொண்டே இருக்கிற சரக்குதானே அது. இதோ. நீளமான செய்தி. மேலே லிஸ்ட் எப்படி எழுதுவது. அப்புறம் கட்டளை. அதற்குக் கீழே, ‘மேலும் படிக்க’ என்று நீல எழுத்து. அதை நான் தொடவே இல்லை. தொட்டேன். கீழே இன்னும் அரைப் பக்கம். “பெரியம்மா, முக்கியமா ஒண்ணு. லிஸ்ட்ல தனி ஃபைல் பேரை எழுதினா அது வந்திரும். ஆனா ஃபோல்டர் பேரை எழுதினா வெறும் ஃபோல்டர் மட்டும்தான் வரும், உள்ள இருக்கிறது வராது. குரல் ஒரு ஃபோல்டர். அதனால நான் கொடுத்த கட்டளையில இன்னொரு எழுத்தைச் சேர்க்கணும், கீழ இருக்கிறதை அடிங்க, மேல இருக்கிறது வேண்டாம். முடிச்சிட்டுத் திறந்து பாருங்க.” படித்தேன். மறுபடியும் படித்தேன், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சை முடிந்து பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கேள்வித்தாளைப் படிக்கிற மாதிரி. அண்ணாச்சி கடைக்கு நான் ‘சாம்பார் பொடி சாமான்’ என்று ஒரே வரிதான் எழுதுவேன். அவர் மல்லி, வத்தல், துவரை, கடலை, மிளகு, வெந்தயம், மஞ்சள், எல்லாவற்றையும் எங்கள் வீட்டு அளவு தெரிந்து தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ‘அக்கா, பெருங்காயம் போன மாசம் வாங்கலையே’ என்று அதையும் சேர்த்து அனுப்புவார். ஒரு வரி எழுதினால் உள்ளே இருப்பதெல்லாம் வரும். இத்தனை வருஷமாக வந்தது. இந்த மிஷின் ‘சாம்பார் பொடி சாமான்’ என்று மேலே எழுதி ஒரு வெறும் பையை மடித்துக் கொடுத்திருக்கிறது. கொடுத்துவிட்டு வாயைத் திறக்கவும் இல்லை. வீட்டுப் பத்திரம் பத்திரமாக வந்துவிட்டது. பென்ஷன் உத்தரவு வந்துவிட்டது. நாளைக்கே ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் கருவூலத்துக்கும் போனால் நகல் கிடைக்கிற காகிதங்கள், எல்லாம் வந்துவிட்டன.

போடு போனை. அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கமாட்டார், ஸ்கூட்டரில் போகும்போது எடுக்கமாட்டார், அதுவும் கடன் வேண்டுமா கடன் வேண்டுமா என்று கூப்பிடுகிறார்கள் என்று சத்தத்தை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார், கூப்பிட்டவள் பெண்டாட்டியா பேங்க்கா என்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்து பார்ப்பார். கடைக்குக் கூப்பிடலாம். எந்தக் கடை? ஜங்ஷன் பக்கம் ஒருத்தர் புதுசாப் போட்டிருக்கார், நல்ல மனுஷன், காலையில முதல் வேலையா முடிச்சுத் தாரேன்னிருக்கார் என்று இவர் சொன்னபோது நான் கடை பேரைக் கேட்கவில்லை, யாரோ ஒரு நல்ல மனுஷன் என்று விட்டுவிட்டேன். நல்ல மனுஷன். சுறுசுறுப்பானவன். முதல் வேலையாக முடிப்பான். இந்நேரம் மூடியைத் திறந்திருப்பான். “எல்லாம் எடுத்து வச்சாச்சா சார்” என்று கேட்பான், எல்லாக் கடையிலும் கேட்பார்களே, கேட்டால் இவர் நின்று யோசிக்கமாட்டாரா, என்னைப் பற்றி இத்தனை சொல்கிறவர், அவள் எடுத்திருக்க மாட்டாய்யா, கொஞ்சம் பொறும் என்று சொல்லமாட்டாரா. சொல்லமாட்டார். “வீட்ல எடுத்து வச்சாச்சுன்னு சொன்னாக” என்பார். தெருவில் நின்று என்னைத் திட்டுவார், கடையில் போய் என் பேச்சை நம்புவார், இந்த மனுஷனே அப்படித்தான். வழியில் ஸ்கூட்டர் நின்றிருக்கக் கூடாதா. பாலத்தில் கூட்டமாக இருக்கக் கூடாதா. தெரிந்த யாராவது எதிரில் வந்து தெருவிளக்கு மனு என்னாச்சு என்று கேட்கக் கூடாதா, கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாரே. அழித்தாலும் திரும்ப எடுக்கலாம் என்று பிரசன்னா எப்போதோ சொன்னான், ஆனால் மேலே புதுசாக ஒன்றை எழுதிவிட்டால் எடுக்க முடியாது என்றும் சொன்னான், இல்லை சொல்லவில்லையா, அதையும் நான் பாதிதான் கேட்டேனா. அவனைக் கூப்பிடட்டுமா. கூப்பிட்டு என்ன சொல்வேன், உன் அம்மாவை நான் வெறும் பையாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றா. அங்கே இன்னும் விடிந்திருக்காது, தூக்கக் கலக்கத்தில் பதறி, அம்மாவுக்கு என்ன பெரியம்மா என்றுதான் முதலில் கேட்பான். மறுபடியும் இவருக்கே போட்டேன். அடிக்கிறது. ஒவ்வொரு தடவை அடித்து நிற்கும்போதும் அங்கே அந்த நல்ல மனுஷனின் விரல் இன்னொரு பொத்தானை அமுக்குகிற மாதிரி இருக்கிறது. ஆமாம். ஆமாம். அடுத்து. எல்லாவற்றையும் அழிக்கவா? ஆமாம். காதை ஒட்டிப் போனைப் பிடித்திருக்கிறேன், காது சுடுகிறது, அடுக்களையில் கஞ்சி ஏடு கட்டியிருக்கும், அவளுக்குப் பசி நேரம்.

பின்னால் அந்தக் காற்றுச் சத்தம். திரும்பினேன். வனஜா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. நாதஸ்வரத்தைக் கேட்டு வந்தவள் முகம், பாதி சிரிப்பு இன்னும் மிச்சம் இருக்கிற முகம், என்னைத் தாண்டி டிவியைப் பார்க்கிறது. நான் எதையோ அமுக்கியதில் கல்யாணப் படம் நின்று, டிவி அந்த உறை தெரிகிற பழைய இடத்துக்கே திரும்பிவிட்டிருந்தது. நான் முன்னால் போய் மறைத்து நின்றேன், இவ்வளவு பெரிய டிவியை வாங்கித் தொலைத்தார், என் இரண்டு பக்கமும் தெரிகிறது. அவள் என்னை மெதுவாக, கதவைத் தள்ளுகிற மாதிரி தோளில் கை வைத்து ஒதுக்கினாள். என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். தன் பெயர் எழுதியிருக்கிற வீட்டுக்குள் போகிற மாதிரி தயங்காமல் ‘குரல்’ மேல் போய் அழுத்தினாள். நீலம். அந்த இரண்டு வார்த்தை. கான்வென்டில் படித்தவள் அவளும்தான், ஆனால் என்னை மாதிரி இல்லை, அவள் எதையும் கடைசி வரைக்கும் படிப்பவள். வெளியே வந்தாள், மறுபடியும் உள்ளே போனாள், நான் செய்தது போலவே. “டிவிக்குத் தெரியாதுடி, அது வேற ரகம், அத்தான் இப்ப வந்திருவாரு, போன் அடிக்குது பாரு, இந்தா, எடுத்திருவாரு” என்கிறேன், என் குரல் எனக்கே சகிக்கவில்லை, கிணற்றடியில் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கிறது, இதை யார் மிஷினில் போட்டு வைத்தார்கள், இது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. போன் அடித்து அடித்து நின்றது. அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு அசையவில்லை. ஸ்லேட்டையும் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் கழுத்துத் துணி மட்டும் உள்ளே போகிறது, வெளியே வருகிறது, உள்ளே போகிறது. நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்திருக்கின்றன, ரிமோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உலுக்கினேன். “திட்டுடி. வனஜா, ஏதாவது சொல்லித் திட்டுடி.”